இருபத்தைந்தாவது பேட்ஜ்

12 அக்டோபர் 1964, திங்கள்

சரித்திர வகுப்பில் இன்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அசோகர், அக்பர், ஷெர்ஷா என்று கைக்கெட்டும் ஆட்கள். என் முறை வந்ததும் சென்னியம்மாள் மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அந்தோணிமேரி, நீ சிலுவைப் போர் எழுது. உங்க ஆளுங்க சமாசாரம்தானே" என்றார். என்னவோ எங்கள் அப்பா சூரமங்கலம் ஜங்ஷன் ரயில் ஷெட்டில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வாளோடு கிளம்பிப் போனவர் மாதிரி!

தலைப்பு இதுதான்: 'சிலுவைப் போர்களுக்குச் சாதாரண சனங்கள் ஏன் போனார்கள்?' ராசாவை விட்டுவிடலாம். உழுதவனும் நெய்தவனும் எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏன் எருசலேமுக்கு நடந்தான் என்று எழுத வேண்டும். டிசம்பர் 7 கடைசி நாள். எழுதுவது இங்கிலீஷில், யோசிப்பதைத் தமிழில் யோசித்துக்கொள்ளலாம், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

முதலாவதாக வரும் கட்டுரையை ஜனவரியில் சரித்திர மன்றத்தில் மேடையேறி வாசிக்கலாம். போன வருஷம் என் பக்கத்து பெஞ்சு ராசாத்தி வாசித்தாள். மோகனூர்க்காரி, ஹாஸ்டலில் இருக்கிறாள், எனக்கு உயிர்த் தோழி. இருந்தாலும் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் நான்தான். எழுதி வைத்துவிட்டேன். நடக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன்.

18 அக்டோபர், ஞாயிறு

பூசையில் இன்று பெரிய செய்தி. நவம்பர் கடைசியில் பம்பாயில், உலகக் கத்தோலிக்கரெல்லாம் கூடும் நற்கருணை மாநாடு தொடங்குகிறது. ரோமாபுரியிலிருந்து பாப்பரசரே வருகிறார். எங்கள் கோயில் பங்குக்கு இருபத்து நாலு இடம். சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "யார் யார் வர்றீங்க? கை தூக்குங்க பார்ப்போம்" என்றார்.

ஆண்கள் பக்கம் கை, பெண்கள் பக்கம் கை, பாட்டுக்குழுவில் கை. என் பக்கத்தில் அம்மாவும் கையைத் தூக்கினாள். முக்காட்டைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, தூக்கியேதான் இருந்தாள்.

பூசை முடிந்ததும் அம்மா அடுப்பு வேலைக்கு முன்னால் போய்விட்டாள். கோயில்பிள்ளை மிக்கேலண்ணன், மணியடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர்தான், நோட்டும் பென்சிலுமாக வாசலில் நின்றிருந்தார். "இன்பமேரியக்கா பேரை எழுதிட்டேன் பாப்பா, சரிதானே?" என்றார்.

"அய்யோ அண்ணே, அம்மாவா? ராசிபுரம் பஸ்ஸுக்கே மூணு எலுமிச்சம்பழம் வேணும் அவங்களுக்கு. பம்பாய்க்கு ஒரு கூடை தூக்கிட்டுப் போகணும். அடிச்சிடுங்க."

அவர் சிரித்தார், பெயரை அடித்துவிட்டார். பத்து நாள் அம்மா இல்லாமல் அப்பாவுக்கு விடிகாலை ஷிப்டுச் சாப்பாடு யார் கட்டுவது? என் இரண்டு தம்பிகளும் உட்கார்ந்தால் சட்டி காலியாகும். சிலுவைப் போரை நான் அடுப்பங்கரையிலா எழுத முடியும்? அம்மா ஏதோ உற்சாகத்தில் தூக்கியிருப்பாள். வீட்டுக்கு வந்தபோது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சொல்லும்படியாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் நோட்ஸைப் புரட்டினால் – பிரான்ஸில் ஒரு வெட்டவெளியில் அந்தக் காலத்துப் பாப்பரசர் பேசுகிறார். கூட்டம் 'இது தேவ சித்தம்' என்று கத்துகிறது. அங்கேயே பெயர் கொடுக்கிறார்கள். அடடா, இதைத்தானே காலையில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்!

20 அக்டோபர், செவ்வாய்

கல்லூரி நூல் நிலையத்தில் சிலுவைப் போர் பற்றி ஒரே ஒரு புத்தகம். அதில் 'காரணங்கள்' என்ற அத்தியாயத்தை மட்டும் கரையான் தின்றிருக்கிறது. காரணம் தெரிந்த கரையான்.

24 அக்டோபர், சனி

ராசாத்தியிடம் அழுதேன். அவள் கடலை உரித்துக்கொண்டே, "புஸ்தகம் எதுக்கு புள்ள? உங்க கோயில்ல இருவத்து நாலு பேரு கெளம்பறாங்கல்ல? அவிங்களையே கேளு" என்றாள்.

"அவங்க சண்டைக்கா போறாங்க?"

"போயிச் செய்யறது வேற. ஊட்ட உட்டுக் கெளம்பறதுக்கு மனசு வரோணுமில்ல? அதக் கேளு. எங்கூர்ல பழனிக்கு நடந்து போற கூட்டத்துல எங்க அத்தை ஒருக்கா சேந்துகிட்டாங்க. முருகனுக்குத்தான் நேர்ச்சைன்னாங்க. அப்புறமாப் பாத்தா மருமக வெக்கிற கொழம்பு புடிக்கலையாம், ஒரு வாரம் தப்பிச்சாப் போதும்னு கெளம்பிருக்காங்க. முருகன் என்ன, வேண்டாம்னா சொன்னாரு?"

இவளுக்குப் போன வருஷம் பரிசு கொடுத்தது சரிதான்.

25 அக்டோபர், ஞாயிறு

கோயில் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நோட்டோடு ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

மிக்கேலண்ணன்: "சாமியார் போறாரு. அவருக்குக் காப்பி யாரு போட்டுக் குடுக்கிறது?" (பிரபு போனால் ஆளும் போக வேண்டும். எழுதிக்கொண்டேன்.)

பென்ஷன் வாங்கும் ஹெட்கான்ஸ்டபிள்: "பரிபூரண பலன் கிடைக்கும்மா. பாவமெல்லாம் போயிடும். போலீஸுல முப்பது வருஷம் இருந்திருக்கேன், புரியுதா?" புரிந்தது.

ஆவணியில் கல்யாணம் ஆன ஒரு பெண், காதோடு: "எங்க வீட்டுல பதினோரு பேரு. ரயில்ல நாங்க ரெண்டே பேரு." ரயிலில் ஐந்நூறு பேர் இருப்பார்களே என்றேன். "அதுல யாரும் எங்க மாமியார் இல்லையே" என்றாள்.

ஜவுளிக்கடை மரியபுஷ்பம் அத்தை, பட்டியலில் முதல் பெயர்: "இந்தப் பங்குல எதுன்னாலும் எங்க குடும்பம் முன்னாடி நிக்கணும். பின்னாடி நின்னு எனக்குப் பழக்கமில்ல."

தேவபக்தி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்காக இல்லை என்றும் தோன்றவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறது என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

அம்மா பட்டியலுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து இருபத்து நாலு பெயரையும் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு, "போலாமா?" என்றாள். நான் மரியபுஷ்பம் அத்தை சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

29 அக்டோபர், வியாழன்

நாமக்கல்லிலிருந்து தோமினிக் மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறார். அவரும் பம்பாய்க் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார். எங்கள் பங்கு இல்லைதான். ஆனால் ஹிந்தி தெரிந்த ஆள் என்று சாமியாரே கேட்டாராம்.

ஏன் போகிறீர்கள் மாமா என்றேன். முதலில் மார்பை நிமிர்த்தி ஏதேதோ சொன்னார். அம்மா காப்பி எடுக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "பத்து வருஷமா பம்பாய் பம்பாய்னு எல்லார்கிட்டயும் அளந்துட்டேன் சாமி. நெசத்துல லாரி பூனாவத் தாண்டினதில்ல. இப்ப வர மாட்டேன்னு சொன்னா மானம் போயிரும்."

இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கரையான் தின்றதில் இருந்திருக்குமோ?

1 நவம்பர், ஞாயிறு

சாமியார் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி கொடுத்து, போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பேட்ஜ் தைத்துத் தரும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் தையல் அவ்வளவு சுத்தம். எனக்குத் தன் அலமாரியிலிருந்து தடித் தடியாக இரண்டு பாகம் திருச்சபைச் சரித்திரம் கொடுத்தார். தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

4 நவம்பர், புதன்

அம்மா தைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். சிலுவைப் போருக்குப் போனவர்களும் தோளில் துணிச் சிலுவை தைத்துக்கொண்டுதான் போனார்கள். அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அவங்களுக்கு யாரு தச்சுக் குடுத்தா?" என்றாள்.

தேடினேன். இரண்டு பாகத்திலும் இல்லை. துணி எங்கே கிடைத்தது என்றுகூடப் போட்டிருக்கிறான், தைத்தது யாரென்று போடவில்லை.

6 நவம்பர், வெள்ளி

முதல் வரைவு முடிந்தது! ஆறு காரணம், நம்பர் போட்டு: பாவ மன்னிப்பு, எசமான் கட்டளை, நிலத்தாசை, வீட்டுத் தொல்லை, பெருமை, அக்கம்பக்கத்தார் பேச்சு. ராசாத்தி படித்துவிட்டு, "மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்குது புள்ள. பருப்பு அரைப்படி, புளி காப்படி" என்றாள்.

பொறாமை. போன வருஷம் எனக்கு இருந்த அதே வியாதி.

அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "போனாங்க, செரி. போயி என்ன பண்ணினாங்க?" எருசலேமைப் பிடித்த அன்று நடந்த வெட்டுக்குத்தைச் சொன்னேன். கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். "மாமியாக் கொடுமைக்குத் தப்பிச்சுப் போனவனுமா வெட்டினான்?" என்றாள். அந்தக் கேள்வியை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

7 நவம்பர், சனி

கத்தரிக்கோல் தேடி அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பேட்ஜ்களை நேற்றே சாமியாரிடம் கொடுத்தாயிற்று, இருபத்து நாலும் எண்ணிக் கொடுத்தது நான்தான். பெட்டிக்குள் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இருபத்தைந்தாவது.

மற்றதெல்லாம் வெறும் சிலுவை. இதில் ஓரத்தில் சின்னதாக, எழுத்துக்கூட்டித் தைத்திருக்கிறாள்: 'இன்பமேரி'. மேரி-யில் ஒற்றைக் கொம்பு போட்டுப் பிறகு பிரித்து இரட்டைக் கொம்பாக்கியிருக்கிறாள், பழைய ஊசி ஓட்டை தெரிகிறது.

அய்யோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? விளையாட்டுக்குத் தூக்கின கைன்னு நானே முடிவு பண்ணிட்டேனே! விரலை வெச்சு ரெண்டு தடவை படிச்சாளே, அப்பவாவது எனக்கு உறைச்சுதா? சாமியார்தான் பேரை விட்டுட்டார்னு நெனச்சிருப்பா. நாம எங்க அதுக்கெல்லாம்னு நெனச்சிருப்பா. அந்த நெனப்போட உட்கார்ந்து மத்தவங்களுக்கெல்லாம் தச்சிருக்கா! நான் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்டியிருக்கேன்!

பேட்ஜை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

8 நவம்பர், ஞாயிறு

மிக்கேலண்ணனிடம் ஓடினேன். தலையைச் சொறிந்தார். பட்டியல் மேற்றிராணியார், அதாவது பிஷப், பங்களாவுக்குப் போயாயிற்று, இடமே இல்லை, காத்திருக்கிறவர்களே ஏழு பேர். "நீ சொல்லித்தானே பாப்பா அடிச்சேன்?" என்றார். ஆமாம். நான் சொல்லித்தான்.

14 நவம்பர், சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பொய், கோபம், தம்பி தலையில் குட்டு எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு இருமல். சாமியாருக்குச் சிரிப்பா, கோபமா தெரியவில்லை. "அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல். அது சுலபம். அம்மாவிடம் நீயே போய்ச் சொல். அதுதான் அபராதம்" என்றார்.

வந்து சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை இறுத்து முடித்தாள்.

"அப்ப சாமியார் அடிக்கலையா?"

"இல்லம்மா. நான்தான்."

"நல்லதாப் போச்சு" என்றாள். "அவருக்கு எம்மேல என்ன வருத்தமோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் போகணும்னு நெனச்சேம்மா என்று கேட்டேன். "கேக்கறதைப் பாரு, உலை கொதிக்குது" என்று என்னைத் தள்ளிவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் அவர் பீடியைக்கூட எடுக்கவில்லை. "இருபது வருஷமா ரயிலுக்கு வேலை செய்றேன், அவளுக்கு ஒரு நல்ல வண்டி காட்டினதில்ல. போகட்டும்னா இடமில்லையா?" என்று வருத்தப்பட்டார்.

எப்படியாவது அம்மாவை அந்த வண்டியில் ஏற்ற வேண்டும். கட்டுரை கிடக்கட்டும்.

17 நவம்பர், செவ்வாய்

கட்டுரை கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அதன் புத்தகத்தில்தான் வழி கிடைத்தது!

இரண்டாம் பாகம். பின்னால் வந்த சிலுவைப் போர்களில், போவதாகச் சபதம் செய்துவிட்டுப் போக முடியாதவர்கள் – வயசானவர்கள், நோயாளிகள், பயந்தவர்கள் – தங்கள் சார்பில் இன்னொரு ஆளை அனுப்பலாம். சபதமும் நிறைவேறும், பலனும் உண்டு. திருச்சபையே ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

யாருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். மரியபுஷ்பம் அத்தைக்கு. இரண்டு ராத்திரி ரயில், பம்பாயில் கூடாரத்தில் படுக்கை, குளிக்க வரிசை என்று ஹெட்கான்ஸ்டபிள் என்றைக்கு விவரம் சொன்னாரோ அன்றைக்கே அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது வலது காலை நொண்டினார், போகும்போது இடது காலை. பெயரை எடுத்துவிடச் சொல்ல வெட்கம். முதல் பெயராயிற்றே!

18 நவம்பர், புதன்

ஜவுளிக்கடைக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ராசாத்தியும் துணைக்கு வந்தாள். பக்கத்தைக் காட்டி, ராணிகளும் சீமாட்டிகளும்கூட இப்படி ஆள் அனுப்பினார்கள் என்றேன். சீமாட்டி என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலன் யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும் அத்தை."

"முழுசா? இல்ல, ஆளுக்குப் பாதியா?"

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ராசாத்தி பட்டென்று, "எங்க பழனிக்கு நடக்கறவிங்க கையில காணிக்கை குடுத்து உடுவோமுங்க. முருகன் ரெண்டு பேருக்கும் முழுசாத்தானுங்க குடுக்கறாரு. உங்க சாமி கொறைச்சலாவா குடுப்பாரு?" என்றாள். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. மூவருமாகச் சாமியாரிடம் போனோம்.

சாமியார் புத்தகத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், அத்தையின் காலைப் பார்த்தார். காத்திருக்கிற ஏழு பேரிடமும் அவரே சம்மதம் கேட்டுவிடுவதாகவும், சார்பில் போகிறவரைச் சொல்ல வேண்டியது சபதம் எடுத்தவர்தான் என்றும் சொன்னார். "பலன் கணக்கை மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

அம்மாவை அனுப்ப அத்தை போட்ட நிபந்தனை இரண்டு: பாப்பரசர் ஆசீர்வதித்த சுரூபப் பதக்கம் ஒன்று அவருக்கு வர வேண்டும். 'மரியபுஷ்பம் அம்மாள் சார்பில்' என்று கோயிலில் அறிவிக்க வேண்டும்.

அம்மாவிடம் கடைசி நிபந்தனையைத் தயங்கித்தான் சொன்னேன். அவளுக்குக் குறையாகப் படுமோ என்று பயம். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "யார் சார்புல போனா என்ன? காலு என்னுதுதானே" என்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அரைமணி கழித்து மறுபடி கழுவினாள்.

22 நவம்பர், ஞாயிறு

அறிவித்தார்கள். மரியபுஷ்பம் அத்தை இரண்டு காலிலும் நேராக நடந்து வீட்டுக்குப் போனார்.

29 நவம்பர், ஞாயிறு

ஜங்ஷனில் திருவிழாக் கூட்டம். கொடி, பாட்டு, புளிச்சோற்று மூட்டை. அரக்கோணத்தில் இறங்கிப் பம்பாய் வண்டிக்கு மாற வேண்டும். அப்பா ஷெட்டு ஆட்கள் அத்தனை பேரிடமும், "எங்க வீட்டுல பம்பாய் போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார், பாதிப் பேர் அவர் குடும்பத்தோடு மாற்றலாகிப் போவதாக நினைத்துவிட்டார்கள்.

அம்மா தோளில் அவள் தன் பெயர் தைத்த பேட்ஜ். மரியபுஷ்பம் அத்தைக்குத் தைத்ததை அத்தையே போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் எல்லாரையும் வழியனுப்பினார்.

ஜன்னலில் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "இப்பவாவது சொல்லும்மா. ஏன் போற? கட்டுரைக்கு வேணும்." வண்டி நகர்ந்துவிட்டது. "வந்து சொல்றேன்! கடுகு ரெண்டாவது டப்பாவுல இருக்கு!" என்று கத்தினாள்.

2 டிசம்பர், புதன்

ரெண்டாவது டப்பாவில் இருந்தது கடுகு இல்லை, கேழ்வரகு. தாளித்த பிறகுதான் தெரிந்தது.

4 டிசம்பர், வெள்ளி

பால்காரர் செங்கோடன் காலையில் கேட்டார்: "ஏனுங்க சாமி, அம்மா எப்ப வருவாங்க?" ஏன் என்றேன். "உங்க ஐயன் நேத்து என்னைய நிறுத்தி, சும்மா ஒரு லோட்டா பச்சைப் பாலக் குடிச்சுப் போட்டுப் போனாருங்க. ஊட்டுக் காப்பிய நெனச்சா பயமாருக்குதுன்னாரு."

அப்பா என் முகத்துக்கு நேராகக் காப்பி அருமை என்றுதான் சொல்கிறார்.

7 டிசம்பர், திங்கள்

கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். அடுப்பங்கரையில்தான் எழுதினேன், ஏழாம் பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கிறது. ஆறு காரணம் இப்போது சீட்டு மாதிரி இல்லை; கான்ஸ்டபிள், மாமா, கல்யாணப் பெண் எல்லாரும் பிரெஞ்சுக்காரப் பெயரோடு உள்ளே நடமாடுகிறார்கள். சென்னியம்மாள் மிஸ் முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே படித்து, "பரவாயில்லையே!" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து இரண்டு வருஷம் இருக்கும்.

மேடை, மைக், மாலை. ராசாத்தி கைதட்ட வேண்டும்!

9 டிசம்பர், புதன்

அம்மா வந்துவிட்டாள். கறுத்து, இளைத்து, தொண்டை கட்டி, ஒரு பை நிறையச் சுரூபங்களும் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீருமாக.

பாப்பரசரைப் பார்த்தாயா என்றோம். கட்டைவிரலைக் காட்டி, "இம்மாத்தூண்டு தெரிஞ்சாரு. வெள்ளையா. எங்க பக்கம் பாத்துத்தான் கையாட்டினாரு" என்றாள். தோமினிக் மாமாவின் ஹிந்தி மொத்தம் மூன்று வார்த்தையாம். மூன்றும் லாரிக்கு வழி கேட்க மட்டும்தான் ஆகுமாம். கூட்டத்தில் அவர் தொலைந்துபோய், அம்மாதான் கூடார நம்பரை ஞாபகம் வைத்திருந்து தேடிப் பிடித்தாளாம். வழியில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் தேய்த்தபடி அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் கேட்டியே, ஏன்னு. என்னை யாரும் எங்கயும் கேட்டதில்ல மேரி. கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, சாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கெளம்புன்னா கெளம்புவேன். வர்றியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அன்னிக்குச் சாமியார் கேட்டாரு. எல்லாரையும்தான் கேட்டாரு. எனக்கு என்னையக் கேட்ட மாதிரி இருந்துச்சு. கை தானாப் போயிருச்சு."

சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

10 டிசம்பர், வியாழன்

என் இருபத்திரண்டு பக்கத்தில் இது இல்லை. ஆறு காரணமும் ஒருவருக்கு எது கிடைக்கும் என்பதைப் பற்றியே இருக்கிறது. அந்த வெட்டவெளியில் நின்றவர்களில் எத்தனை பேரை அதற்கு முன்னால் யார், எதற்கு, கேட்டிருப்பார்கள்? உழு என்பார்கள், உழுவான். கட்டு என்பார்கள், கட்டுவான். முதல்முறையாக ஒருவர், வருகிறாயா என்கிறார். கை தானாகப் போகாதா?

ராசாத்தி அன்று கேட்டதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. எங்களைக் கூப்பிட்டவர் பம்பாய்க்குக் கூப்பிட்டார், அம்மா கடல் தண்ணீரோடு திரும்பி வந்தாள். அப்படித் தூக்கின அதே கையை வைத்து அந்தக் காலத்து ஆட்களை வெட்டுக்கும் கூட்டிப் போக முடிந்திருக்கிறது. நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மிஸ்ஸிடம் போய்க் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். "எடுத்தா லேட்டுக் கணக்கு. போட்டியில சேராது. யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன், ஒரு நிமிஷம். மேடை கண்ணில் வந்து போனது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

13 டிசம்பர், ஞாயிறு

நாலு பக்கம் புதிதாக. முதல் பக்கத்தில் துணிச் சிலுவைகளைத் தைத்தது யார் என்று புத்தகங்கள் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட்டேன்.

8 ஜனவரி 1965, வெள்ளி

சரித்திர மன்றம். ராசாத்தி ஷெர்ஷா போட்ட சாலைகளைப் பற்றி வாசித்தாள். கை வலிக்கத் தட்டினேன், நிஜமாகவே. மேடையிலிருந்து இறங்கி வந்து மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு, "பாரமா இருக்குது, கொஞ்ச நேரம் தூக்கிக்க" என்றாள்.

என் கட்டுரையும் திரும்பி வந்தது. கடைசி நாலு பக்கத்துக்கு ஓரத்தில் நெடுகச் சிவப்புக் கோடு. கீழே மிஸ்ஸின் கையெழுத்தில், 'நன்று. ஆதாரம் என்ன?'

அதற்குக் கீழே எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'இன்பமேரி, சூரமங்கலம்.'

அக்டோபர் 12-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிப்பதாக எழுதியிருந்தேன். கிழிக்க முடியாது. அதன் பின்பக்கத்தில் அம்மா கை தூக்கியிருக்கிறாள்.

10 ஜனவரி, ஞாயிறு

ராசாத்தி பொங்கலுக்கு மோகனூர் வரச் சொல்லியிருக்கிறாள். காவேரியில் தண்ணீர் போகிறதாம், கரும்பு வெட்டுகிறார்களாம். பூசை முடிந்து வந்ததும் அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "போயிட்டு வா" என்றாள், நிமிராமல்.

"அம்மா, நீயும் வர்றியா?"

கீரை கையிலேயே நின்றது.

"எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றாள்.

காலை ஏழு மணிக்கு, ராசிபுரம் வழி என்றேன். ராசிபுரம் என்றதும் ஞாபகம் வந்து, கூடையிலிருந்து மூன்று எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தேன். அம்மா இரண்டைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"ஒண்ணு போதும்" என்றாள். "அது உனக்கு."